இலண்டனை நடந்து காணல்

இலண்டன் மாநகரில் வந்திறங்கும் புதியவர் ஒருவரின் கையில் முதலில் அகப்படும் பொருள் பெரும்பாலும் ஒரு சிறு படமாகவே இருக்கும். பல நிறக் கோடுகள் நேராகவும் சாய்வாகவும் ஓடி ஒன்றையொன்று வெட்டிச் செல்லும் நிலக்கீழ்ப் புகையிரதப் படம் அது. பதினொரு பாதைகளும் 272 நிலையங்களும் கொண்ட பரந்ததொரு அமைப்பை ஒரு சிறிய தாளில் அடக்கி, எழுத்து வாசிக்கத் தெரிந்த எவரும் கால் மணி நேரத்தில் விளங்கிக்கொள்ளுமாறு செய்திருக்கின்றனர். அந்தப் படத்தைக் கொண்டு எந்த நிலையத்துக்கும் போய்ச் சேரலாம். ஆனால் நிலையங்களுக்கு இடையே இலண்டன் எப்படி இருக்கிறது என்பதை அது சொல்வதில்லை. சில வேளைகளில் தவறாகவும் சொல்கிறது.

அது தவறாகச் சொல்வதற்குக் காரணம் அதன் பிறப்பிலேயே உள்ளது. 1863ஆம் ஆண்டு ஜனவரி 10ஆம் திகதி பாடிங்டன் தொடக்கம் ஃபாரிங்டன் வரை ஓடத் தொடங்கியதே உலகின் முதல் நிலக்கீழ்ப் புகையிரதம். அக்காலத்தில் சுரங்கத்துள்ளும் நீராவி எஞ்சினே வண்டியை இழுத்தது. புகையைப் பற்றிப் பிரயாணிகள் முறையிட்டபடியே பிரயாணம் செய்தனர். பின்னர் பாதைகள் பெருகப் பெருக, அவற்றை உள்ளபடியே வரைந்த படங்கள் நகரின் நடுவில் நெருக்கமும் ஓரங்களில் வெறுமையுமாய், கண்ணுக்குச் சிக்கலாகிவிட்டன. ஹரி பெக் என்ற வரைஞர் 1931ஆம் ஆண்டில் இதற்கு ஒரு வழி கண்டார். சுரங்கத்துள் இருக்கும் பிரயாணிக்குத் தலைக்கு மேல் எந்தத் தெரு இருக்கிறது என்பது வேண்டியதில்லை. எங்கே ஏறுவது, எங்கே மாறுவது, எங்கே இறங்குவது என்ற மூன்றும் தெரிந்தாற் போதும். எனவே மின்சாரச் சுற்றுப் படம் வரைவது போல, எல்லாப் பாதைகளையும் கிடையாகவும் நெடுங்குத்தாகவும் நாற்பத்தைந்து பாகைச் சாய்விலும் மட்டும் வரைந்து, நிலையங்களை ஏறக்குறையச் சம இடைவெளியில் வைத்தார். நிலத்தின் மேலுள்ளவற்றில் தேம்ஸ் நதி ஒன்றையே விட்டுவைத்தார். அதிகாரிகள் முதலில் இதனை ஏற்கவில்லை. 1933ஆம் ஆண்டு ஜனவரியில் அச்சிட்டு வழங்கியபோது பொதுமக்கள் உடனே விரும்பி ஏற்றனர். உலகின் பல நகரங்கள் அதன் பின் இம்முறையைப் பின்பற்றின.

படத்தில் எல்லா இடைவெளிகளும் ஏறத்தாழ ஒன்றாகவே தோன்றும். நிலத்திலோ அப்படியில்லை. லெஸ்டர் சதுக்கத்துக்கும் கொவன்ட் கார்டனுக்கும் இடையே உள்ள தூரம் சுமார் 260 மீட்டர் மாத்திரம். நகரின் வடமேற்கு ஓரத்தில் செஷம் நிலையத்துக்கும் அதன் அயல் நிலையத்துக்கும் இடையே 6 கிலோ மீட்டருக்கு மேல் இருக்கிறது. படத்தை மட்டும் அறிந்தவர் லெஸ்டர் சதுக்கத்தில் நகரும் படிக்கட்டிலே இறங்கி, வண்டிக்குக் காத்து, ஒரே நிலையம் பிரயாணம் செய்து, கொவன்ட் கார்டனில் லிஃப்டுக்கு வரிசையில் நிற்பார். பொறுமையிழந்து படியில் ஏறினால் 193 படிகள். தெருவால் நடந்தவர் அதற்குள் போய்ச் சேர்ந்து தேநீரும் அருந்தியிருப்பார்.

இதிலும் வேடிக்கையானது குவீன்ஸ்வே, பேஸ்வாட்டர் என்ற இரு நிலையங்களின் கதை. இரண்டும் ஒரே தெருவில், ஏறக்குறைய நூறு மீட்டர் இடைவெளியில் இருக்கின்றன. ஆனால் வெவ்வேறு பாதைகளைச் சேர்ந்தவை. படத்தின்படி ஒன்றிலிருந்து மற்றதற்குப் போக வேண்டுமானால், மேற்கே நொட்டிங் ஹில் கேட் வரை சென்று, அங்கே வேறு வண்டி மாறித் திரும்பி வரவேண்டும். கையில் பெட்டியும் பையுமாக இவ்வாறு சுற்றி வந்து, வெளியே தலை நீட்டியதும் தாம் புறப்பட்ட நிலையத்தின் பெயர்ப்பலகையையே காண்பவரின் நிலையை நேயர்கள் எண்ணிப் பார்க்கலாம்.

இவை சிறு நட்டங்களே. பெரிய நட்டம் வேறு. இலங்கையிலிருந்து செல்லும் தமிழர் பலர் முதலில் தங்குவது ஈஸ்ட் ஹாம், டூட்டிங் முதலிய பகுதிகளிலுள்ள உறவினர் வீடுகளிலே. ஈஸ்ட் ஹாமில் தமிழ்ப் பெயர்ப் பலகை தொங்கும் கடையில் காலையுணவை முடித்துக்கொண்டு வண்டி ஏறுபவர், போ றோட் வரை வீட்டுக் கூரைகளையும் பின்முற்றங்களையும் பார்த்துக்கொண்டு போவார். அதன் பின் வண்டி சுரங்கத்துள் நுழையும். மீண்டும் வெளிச்சத்தைக் காணும்போது வெஸ்ட்மின்ஸ்டரில் பாராளுமன்றத்தின் மணிக்கூட்டுக் கோபுரம் எதிரே நிற்கும். இரண்டுக்கும் இடையே என்ன இருந்தது என்று கேட்டால் விடை இல்லை. இவ்வாறு மாதக் கணக்கில் வாழ்ந்தவருக்கும் இலண்டன் என்பது சுரங்கங்களால் இணைந்த ஒரு தீவுக் கூட்டமாகவே மனத்தில் நிற்கும். நதிக்குத் தெற்கே நகரமே இல்லையோ என்றும் சிலர் எண்ணுவதுண்டு. படத்தில் அப்பகுதி வெறுமையாகத் தெரிவதே காரணம். பத்தொன்பதாம் நூற்றாண்டுப் புகையிரதக் கம்பனிகள் தெற்கே நிலத்தின் மேலேயே பாதைகளை நெருக்கமாக அமைத்துவிட்டன. வடக்கே பரந்து கிடக்கும் களிமண் படைதான் சுரங்கம் தோண்டுவோருக்கு இசைவாக இருந்தது. தெற்கில் மக்கள் நெருங்கியே வாழ்கின்றனர்.

நகரை நிலத்தின் மேல் அறிந்திருப்பது வெறும் பொழுதுபோக்கு அன்று. 2005ஆம் ஆண்டு ஜூலை 7ஆம் திகதி காலை மூன்று நிலக்கீழ் வண்டிகளிலும், டாவிஸ்டொக் சதுக்கத்தில் ஒரு பஸ்ஸிலும் குண்டுகள் வெடித்து, 52 அப்பாவி மக்கள் உயிரிழந்தனர். நிலக்கீழ்ப் புகையிரதம் முழுவதும் நிறுத்தப்பட்டது. நகரின் நடுப்பகுதியில் பஸ்களும் ஓடவில்லை. அன்று பிற்பகல் அலுவலகங்களிலிருந்து புறப்பட்ட மக்கள் பாலங்களைக் கடந்து சாரிசாரியாக நடந்தே வீடு சென்றனர். எந்தப் பாலம் எந்தப் பக்கம் என்று அறிந்திருந்தவர் தம் வழியே சென்றார். அறியாதவர் கூட்டம் சென்ற வழியே சென்றார். இத்தகைய துயர நாள் அரிதே. ஆனால் திருத்த வேலைக்காகச் சனி, ஞாயிறுகளில் ஒரு பாதை மூடப்படுவதும், வேலைநிறுத்தத்தால் வண்டிகள் நின்றுவிடுவதும் அங்கே வழக்கமான சங்கதிகள்.

ஆகவே புதியவர் முதலிற் செய்யவேண்டியது, வாரத்தில் ஒரு நாளாவது நிலக்கீழ்ப் படத்தை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டுப் பஸ் ஏறுவதே. பஸ்ஸில் ஏற முன்னர் ஒன்றை அறிந்திருத்தல் வேண்டும். 2014ஆம் ஆண்டு முதல் இலண்டன் பஸ்களிற் காசு வாங்குவதில்லை. 2003ஆம் ஆண்டில் வந்த ஒய்ஸ்டர் அட்டையையோ வங்கி அட்டையையோ சாரதியின் அருகிலுள்ள மஞ்சள் வட்டத்திற் தொடவேண்டும். புகையிரதத்தில் ஏறும்போதும் இறங்கும்போதும் தொடவேண்டும்; பஸ்ஸில் ஏறும்போது மட்டும் தொட்டாற் போதும். பஸ்ஸிற்குத் தூரக் கணக்கு இல்லை. இரண்டு தரிப்புப் போனாலும் கடைசி வரை போனாலும் ஒரே கட்டணம். முதலில் தொட்ட நேரத்திலிருந்து ஒரு மணித்தியாலத்துக்குள் அதே அட்டையுடன் வேறு பஸ்களில் எத்தனை முறை ஏறினாலும் மேலதிகக் கட்டணமும் இல்லை. மாணவருக்கும் அளந்து செலவிடவேண்டிய ஏனையோருக்கும் இது பெரிய உதவி. தவறான பஸ்ஸில் ஏறிவிட்டோமே என்ற பயமும் இதனாற் பாதி தீரும். இறங்கி, எதிர்ப்புறம் சென்று, திரும்பி வரலாம்.

மேற்தட்டின் முன் ஆசனமே நகரைப் பார்ப்பதற்கு உகந்த இடம். டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து கிழக்கே செல்லும் 15ஆம் இலக்க பஸ் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஸ்ட்ராண்ட் வழியாகவும், முற்காலத்தில் பத்திரிகைக் காரியாலயங்கள் நிறைந்திருந்த ஃப்ளீட் தெரு வழியாகவும் அது மெல்ல ஊர்ந்து, புனித பவுல் பேராலயத்தைக் கடந்து, பழைய கோட்டையாகிய டவர் வரை செல்லும். ஒவ்வொன்றும் எதன் பின் எது என்ற ஒழுங்கு அப்போதுதான் மனத்திற் பதியும். நெரிசல் வேளையில் பஸ் ஊர்வது பிரயாணிகளுக்கு எரிச்சலை மூட்டும். ஊர் பார்க்க வந்தவருக்கோ அதுவே வசதி.

இலண்டனின் இரட்டைத் தட்டு பஸ் இலங்கையருக்குப் புதியதன்று. அந்நகரில் ஓடி ஓய்ந்த பழைய பஸ்கள் நூற்றுக்கணக்கிற் கப்பலேறி வந்து, 1958ஆம் ஆண்டில் அமைந்த இலங்கைப் போக்குவரத்துச் சபையின் கீழ் பல்லாண்டுகள் ஓடின. திறந்த பின்வாசலுடன் கூடிய ரூட்மாஸ்டர் என்ற வண்டி இலண்டனில் 1956இற் சேவைக்கு வந்து, 2005ஆம் ஆண்டு டிசெம்பரில் அன்றாடச் சேவையிலிருந்து விலகியது. பின்வாசலிற் தொற்றி ஏறுவதும் சந்தியிற் குதித்து இறங்குவதும் அத்துடன் மறைந்துபோயின.

பஸ் ஒழுங்கைக் காட்டும். உள்ளே அழைத்துச் செல்வது கால்களே. ‘சிட்டி’ என்று அழைக்கப்படும் பழைய நகரத்தின் உட்தெருக்கள் யாழ்ப்பாணத்து ஒழுங்கைகளைப் போல வளைந்தும் குறுகியும் செல்வன. இவ்வளவு செல்வம் நிறைந்த வியாபாரத் தலத்தில் தெருக்களை ஏன் நேராக்கவில்லை என்று நேயர்கள் கேட்கலாம். நேராக்க ஒரு வாய்ப்பு வந்தது. 1666ஆம் ஆண்டு செப்டெம்பர் 2ஆம் திகதி புடிங் ஒழுங்கையிலுள்ள ரொட்டிக்கடை ஒன்றில் மூண்ட தீ, பதின்மூவாயிரத்துக்கு மேற்பட்ட வீடுகளையும் பழைய பேராலயத்தையும் அழித்தது. சாம்பல் ஆறுமுன்னரே கிறிஸ்தோபர் ரென் முதலியோர் அகன்ற நேர் வீதிகள் கொண்ட புதிய நகரத் திட்டங்களை அரசனிடம் அளித்தனர். ஆனால் தீ வீட்டை எரித்ததேயன்றி நிலத்தின் உரிமையை எரிக்கவில்லை. ஒவ்வொருவரும் தம் பழைய காணியிலேயே விரைந்து வீடு கட்டிக்கொள்ள விரும்பினர். அரசாங்கத்திடமோ காணிகளை வாங்கப் பணமில்லை. அதனால் கல்லாலும் செங்கல்லாலும் புதிய வீடுகள் எழுந்தன. தெருக்கள் பெரும்பாலும் பழைய தடத்திலேயே கிடந்தன. இன்று கண்ணாடிக் கோபுரங்களுக்கு இடையே நடப்பவர் மத்தியகாலச் சந்தையின் தடத்திலேயே நடக்கிறார். தெருக்களின் பெயர்களே அதற்குச் சாட்சி. ரொட்டித் தெரு, பாற்தெரு, கோழி வியாபாரத்தைக் குறிக்கும் பெயருடைய தெரு ஒன்று, தானியக் குன்று எனப் பொருள்படும் தெரு ஒன்று என்று அவை அடுத்தடுத்து வரும். தீயின் நினைவாக எழுந்த தூண் 202 அடி உயரம். தீ மூண்ட இடத்திலிருந்து அது நிற்கும் தூரமும் அதே 202 அடி. உள்ளே 311 படிகள் ஏறினால் வளைந்த தெருக்களின் போக்கை மேலிருந்து காணலாம்.

நடந்து செல்பவருக்கு மாத்திரம் கிடைப்பவை சிலவுண்டு. பேராலயத்துக்கு வடக்கே ஐந்து நிமிட நடையில் ‘தபாற்காரர் பூங்கா’ என்றொரு சிறு தோட்டம் இருக்கிறது. அங்கே ஒரு தாழ்வாரத்தின் சுவரில் ஐம்பதுக்கு மேற்பட்ட ஓட்டுப் பலகைகள். பிறரைத் தீயிலிருந்தும் நீரிலிருந்தும் காப்பாற்ற முனைந்து உயிரிழந்த சாதாரண மக்களின் பெயர்கள் அவற்றில் எழுதப்பட்டிருக்கின்றன. ஜோர்ஜ் ஃப்ரெடெரிக் வாட்ஸ் என்ற ஓவியரின் முயற்சியால் 1900ஆம் ஆண்டில் திறக்கப்பட்டது இது. தொழிலாளரும் வேலைக்காரப் பெண்களும் சிறு பிள்ளைகளும் அதிலே இடம்பெற்றிருக்கின்றனர். நகரின் சதுக்கங்களிற் குதிரைமேல் வீற்றிருக்கும் தளபதிகளின் சிலைகளைக் கண்டு வந்தவர் இங்கே சற்று நேரம் நின்றே போவார். மதிய வேளையில் அலுவலகத்தார் இதே பெயர்களின் கீழ் அமர்ந்து உணவருந்துகின்றனர்.

தமிழருக்கு ஆர்வம் தரும் இன்னொரு நடை வடமேற்கே புளூம்ஸ்பரிப் பகுதியில் உண்டு. மேலே குறிப்பிட்ட டாவிஸ்டொக் சதுக்கத்தில் 1968ஆம் ஆண்டு முதல் காந்தியடிகளின் சிலை அமர்ந்த கோலத்தில் இருக்கிறது. அச்சதுக்கத்தின் 52ஆம் இலக்க வீட்டிலேதான், இளமையில் யாழ்ப்பாணத்திலும் அம்பாந்தோட்டையிலும் சிவில் சேவை உத்தியோகம் பார்த்த லெனார்ட் வூல்ஃப், தம் மனைவி வர்ஜீனியாவுடன் 1924 தொடக்கம் 1939 வரை வாழ்ந்தார். 1940இல் விழுந்த குண்டுகளால் அவ்வீடு அழிந்தது. அங்கிருந்து சில நிமிடங்கள் தெற்கே நடந்தால், கீழைத்தேய ஆபிரிக்கக் கல்விக் கழகத்தின் புல்வெளியிலே திருவள்ளுவர் வீற்றிருப்பதைக் காணலாம்.

வழி தவறுவது பற்றி அஞ்ச வேண்டியதில்லை. 2007ஆம் ஆண்டு முதல் தெருமுனைகளில் நடப்போருக்கென்றே உயர்ந்த படப்பலகைகளை நாட்டி வருகின்றனர். அவற்றில் ஒரு விசேடமுண்டு. வடதிசை எப்போதும் மேலே இராது. பலகையைப் பார்த்து நிற்பவர் எத்திசையை நோக்கி நிற்கிறாரோ அத்திசையே மேலே இருக்கும். வலப்புறம் படத்தில் இருப்பது தெருவிலும் வலப்புறமே இருக்கும். ஐந்து நிமிடத்தில் நடந்து சேரக்கூடிய எல்லை ஒரு வட்டத்தால் காட்டப்பட்டிருக்கும். நிலையங்களுக்கிடையே நடப்பதற்கு எத்தனை நிமிடங்கள் ஆகும் என்று குறித்த படமொன்றையும் போக்குவரத்து நிர்வாகத்தாரே 2015இல் வெளியிட்டனர். பெக்கின் படம் மறைத்ததைத் தாமே வெளிப்படுத்தினர் எனலாம். வீதியைக் கடப்பதில் இலங்கையருக்கு ஒரு வசதி. ஐரோப்பியரும் அமெரிக்கரும் பிழையான பக்கம் பார்த்து ஆபத்தில் விழாதிருக்க ‘வலப்புறம் பார்’ என்று வீதியிலேயே எழுதி வைத்திருக்கின்றனர். நம் நாட்டிலும் வாகனங்கள் இடப்புறமே செல்வதால் நமக்கு அது பழகிய பார்வை. நகரும் படிக்கட்டில் மாத்திரம் கவனம் வேண்டும். நிற்பவர் வலப்பக்கம் நிற்க, விரைபவருக்கு இடப்பக்கம் விடவேண்டும். மறந்து நின்றால் பின்னால் ஒரு மெல்லிய செருமல் கேட்கும்.

பேராலயத்தின் தெற்கு வாசலிலிருந்து நேரே இறங்கினால் நதியைக் கடக்க நடப்போருக்கு மட்டுமான மிலேனியம் பாலம் இருக்கிறது. 2000ஆம் ஆண்டு ஜூன் 10ஆம் திகதி திறந்த அன்றே பல்லாயிரவர் அதில் ஏறினர். பாலம் பக்கவாட்டில் ஆடத் தொடங்கிற்று. இரண்டு நாளில் மூடிவிட்டனர். கட்டியவர்கள் பாரத்தைக் கணக்கிடுவதிற் பிழை விடவில்லை. மனிதன் நடக்கும்போது ஒவ்வோர் அடியிலும் கீழ்நோக்கி அழுத்துவதோடு, சிறிதளவு பக்கவாட்டிலும் தள்ளுகிறான். தனியொருவரின் தள்ளல் பாலத்தை ஒன்றும் செய்யாது. ஆனால் பாலம் இலேசாக ஆடியதும், விழாமல் நடப்பதற்காக மக்கள் தம்மையறியாமலே அந்த ஆட்டத்துக்கு இசைய அடியெடுத்து வைத்தனர். அவ்வடிகள் ஆட்டத்தைப் பெருக்கின. பெருகிய ஆட்டம் மேலும் பலரை இசையச் செய்தது. போர்வீரர் அணிவகுத்துப் பாலம் கடக்கலாகாது என்பது பழைய அறிவு. அணிவகுக்காத மக்களையும் பாலமே அணிவகுக்கச் செய்யும் என்பதை எல்லோருக்கும் அன்று காட்டியது இப்பாலம். அதிர்வை விழுங்கும் உறுப்புகளைப் பொருத்தி 2002ஆம் ஆண்டு பெப்ருவரியில் மீண்டும் திறந்தனர். இன்று அது அசைவதில்லை. நடுவில் நின்று கீழே பார்த்தால், கடல் ஏற்றவற்றத்துக்கு ஏற்ப நதி ஒரு வேளை கரையை முட்டியும் மறு வேளை சேற்று மணலைக் காட்டியும் கிடப்பது தெரியும்.

நதியை நடந்து கடக்கும் வழிகளில் இன்னொன்று கிழக்கே கிரீன்விச்சில் உள்ளது. சிட்டியின் நடுவிலுள்ள பாங்க் நிலையத்திலிருந்து, 1987இல் தொடங்கிய இலகு புகையிரதத்தில் ஏறவேண்டும். அதற்குச் சாரதி இல்லை. ஆகவே முன் ஆசனம் பிரயாணிகளுக்கே கிடைக்கும். உயர்ந்த பாதையில் பழைய துறைமுகத் தடாகங்களையும் இன்றைய வங்கிக் கோபுரங்களையும் சுற்றிச் சென்று, நதிக்கு அடியில் நுழையுமுன் உள்ள கடைசி நிலையமான ஐலண்ட் கார்டன்ஸில் இறங்கவேண்டும். வண்டி தன் வழியே நதிக்குக் கீழே போய்விடும். இறங்கியவர் கரையோரப் பூங்காவிலுள்ள சிறு குவிமாடக் கட்டடத்துள் புகுந்து, ஏறக்குறைய நூறு படிகள் சுற்றிச் சுற்றிக் கீழே செல்வார். அங்கே வெள்ளை ஓடு பதித்த வட்டச் சுரங்கம் ஒன்று, சுமார் 370 மீட்டர் நீளத்துக்கு நதியின் அடியே ஓடுகிறது.

இது உல்லாசப் பிரயாணிகளுக்காக அமைத்ததன்று. தென்கரையில் வாழ்ந்த துறைமுகத் தொழிலாளர் வடகரைக்கு வேலைக்குச் செல்ல அந்நாளில் ஓடத்தையே நம்பியிருந்தனர். ஓடக் கூலி ஒரு சுமை. மூடுபனி வந்தால் ஓடமும் இல்லை, அன்றைய கூலியும் இல்லை. அவர்களுக்காகவே 1902ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் இச்சுரங்கம் திறக்கப்பட்டது. அன்று தொட்டு இன்றுவரை கட்டணமில்லை. இரவும் பகலும் மூடுவதில்லை. வடகரையை அண்டிய ஒரு பகுதியிற் சுரங்கம் திடீரென்று ஒடுங்கி, ஓடுகளுக்குப் பதில் இரும்புச் சுவர் வரும். இரண்டாம் உலகப் போரிற் குண்டு விழுந்து சேதமான இடத்துக்கு உள்ளே போட்ட கவசம் அது. அதைக் கடந்தால் பாதை சற்றுச் சரிந்து இறங்கி, நடு நதியின் அடியில் மிகத் தாழ்ந்து, பின் ஏறும். காலடி ஓசை இரு பக்கமும் எதிரொலிக்கும். எதிரே வருவோரின் குரல் அவர்கள் கண்ணுக்குத் தெரியுமுன்னரே வந்து சேரும். பத்து நிமிடத்துள் மறுகரையின் படிகள் வந்துவிடும். மேலேறி இரண்டாவது குவிமாடத்தின் வாசலைத் தாண்டியதும், 1869இற் கட்டப்பட்டுச் சீனத் தேயிலை ஏற்றிய கட்டி சார்க் என்ற கப்பலின் பாய்மரங்கள் தலைக்கு மேலே நிற்கும்.